டாக்காவில் இருந்த ஆங்கில வாத்தியார்

நமது சங்க மலர்களில் பெரும்பாலும் விஞ்ஞானிகள், அணை கட்டியவர்கள், தொழிற்சாலை தொடங்கியவர்கள் பற்றித்தான் எழுதுவது வழக்கம். நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஒரு ஆங்கில வாத்தியார். பெயர் மைக்கேல் வெஸ்ட். பி.எட். படித்தவர்களுக்கும், உலகம் முழுக்க ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் நன்கு பழக்கமான பெயர். இன்ஜினியர்களாகிய நமக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நம்மில் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் முதல் செமஸ்டரில் எதில் தடுக்கி விழுந்தோமோ, அதை அவர் சுமார் நூறு வருடத்துக்கு முன்னாலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்.

எதில் தடுக்கினோம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவன். கல்லூரிக்கு வந்ததும் 'டார்க்', 'ஷியர் ஸ்ட்ரெஸ்', 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' இதெல்லாம்தான் பயமுறுத்தும் என்று நினைத்திருந்தேன். அது பெரிய தொல்லையாகவே இல்லை. அந்த வார்த்தைகள் எல்லோருக்குமே புதுசு. கான்வென்ட் பையனுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். சார் போர்டில் படம் போட்டு விளக்கிவிடுவார். வந்த தொல்லை வேறு. 'ஹென்ஸ்', 'வேர்ஆஸ்', 'ரெஸ்பெக்டிவ்லி', 'நெக்ளிஜிபிள்', 'ப்ரொவைடட் தட்' மாதிரியான வார்த்தைகளை யாரும் போர்டில் எழுதி விளக்குவதில்லை. தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். கணக்கு தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்று புரியாது. என் ரூம்மேட் பிளஸ் டூ கணக்கில் 200-க்கு 190-க்கு மேல் வாங்கியவன். ஏழு அரியர் சேர்ந்ததும் இரண்டாம் வருடம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். பஸ் ஏற்றிவிடப் போனவர்களில் நானும் ஒருவன்.

பாதியில் போகிற இந்த மாதிரிப் பையன் கையில் என்ன இருக்கிறது? வெஸ்ட் தன் உத்தியோக வாழ்க்கையில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்குத்தான் செலவழித்தார்.

அவர் பிறந்தது 1888-ல், இங்கிலாந்தில். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு 1912-ல் இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து வங்காளத்துக்கு வந்தார். அப்போது வயது 24. அடுத்த இருபது வருடங்களும் அங்கேதான். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், 1921-ல் தொடங்கிய டாக்கா பல்கலைக்கழகத்தில் கௌரவ ரீடர் என்று பல பொறுப்புகளில் இருந்தார். இன்றைக்கு அந்த ஊர் பங்களாதேஷின் தலைநகரம்.

இன்ஸ்பெக்டர் வேலை என்றால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது. மற்றவர்கள் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். வெஸ்ட் ரிஜிஸ்டரையே வேறு மாதிரி படித்தார். கீழ் வகுப்பில் பையன்கள் நிரம்பி வழிகிறார்கள். மேலே போகப் போகக் கூட்டம் கரைகிறது. மெட்ரிகுலேஷன் வரை வந்து சேர்கிறவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் ஆங்கிலப் பாடத்திட்டம் முழுவதும் அந்தக் கொஞ்சம் பேருக்காகவே போட்டிருந்தது. முதல் சில வருடம் அஸ்திவாரம், அப்புறம் இலக்கணம், அப்புறம் கட்டுரை, கடைசியில் இலக்கியம். கடைசி மாடிக்குப் போனால்தான் வீடு. நடுவில் இறங்கியவனுக்கு வெறும் செங்கல்.

நமக்கெல்லாம் எல்.ஐ.சி. பாலிசி தெரியும். சில வருடம் பிரீமியம் கட்டிவிட்டு முடியாமல் நிறுத்தினால், கட்டிய பணம் முழுக்கப் போய்விடாது. சரண்டர் வேல்யூ என்று ஒரு தொகை கைக்கு வரும். வெஸ்ட் இந்த இன்ஷூரன்ஸ் வார்த்தையை அப்படியே எடுத்து மொழிப் பாடத்துக்குப் போட்டார். ஒரு பையன் எந்த வருடத்தில் நின்றாலும், அதுவரை கட்டிய உழைப்புக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும் என்பது அவர் கட்சி. மூன்று வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு நிற்கிறவனுக்கு எதுவுமே மிஞ்சவில்லை என்றால் அந்த மூன்று வருடம் வீண்; அவனுக்கும் வீண், ஊருக்கும் வீண்.

இதிலிருந்து அவர் போன இடம் அந்தக் காலத்துக்குப் புதுசு. பேசுவதும் எழுதுவதும் பயன்படுகிற நிலைக்கு வர ரொம்ப வருடம் ஆகும், நடுவில் நின்றால் அதிகம் தேறாது. படித்துப் புரிந்துகொள்வது அப்படி இல்லை. கொஞ்சம் வார்த்தை தெரிந்தால் அந்த அளவுக்குள் எழுதிய புத்தகத்தைப் படிக்கலாம். இன்னும் கொஞ்சம் தெரிந்தால் அடுத்த புத்தகம். எங்கே நின்றாலும் நின்ற இடம் வரைக்கும் சொத்து. வங்காளிப் பையனுக்கு வீட்டிலும் கடைத்தெருவிலும் வங்காளி போதும். விவசாயம், மருத்துவம், தொழில் பற்றிய புத்தகம் எல்லாவற்றையும் வங்காளியில் மொழிபெயர்த்து முடிப்பது அன்றைக்கு நடக்கிற காரியம் இல்லை. ஆகவே அவனுக்கு ஆங்கிலம் வேண்டியது முதலில் படிப்பதற்காக. இதையெல்லாம் சேர்த்து 1926-ல், வங்காளத்தை வைத்து இருமொழி நிலை பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். இந்திய அரசின் கல்வி அலுவலக வெளியீடாக அது கல்கத்தாவில் அச்சானது.

வெள்ளைக்கார அதிகாரி எழுதியது என்பதை மறந்துவிட்டுப் படிக்க முடியாது. ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கு எந்த அளவு ஆங்கிலம் போதும் என்று ஆளுகிறவன் முடிவு செய்வது உறுத்தத்தான் செய்கிறது. படிப்பதற்கு மட்டும் என்று நிறுத்திவிட்டால் நேருக்கு நேர் நின்று பேச வேண்டிய இடத்தில் நம் பையன் வாயடைத்துப் போவான். கேம்பஸ் இன்டர்வியூவில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். இருந்தாலும் கீழ் வகுப்பில் நின்றுபோகிறவனை மையத்தில் வைத்து ஒருவர் பாடத்திட்டம் யோசித்தார் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் பாடத்திட்டக் கமிட்டிகள் முதல் பெஞ்சைத்தான் பார்க்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

சரி, படிக்க வைக்கலாம். எதைப் படிப்பது? அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. அப்போது பள்ளிகளில் இருந்த ரீடர்களை அவர் பிரித்துப் பார்த்தார். இரண்டு கோளாறு தெரிந்தது. ஒன்று, அபூர்வமான வார்த்தைகள். 'ஐலண்ட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஐல்', 'நத்திங்' இருக்க வேண்டிய இடத்தில் 'நாட்', 'பிஃபோர்' என்பதற்குப் பதில் 'எர்'. செய்யுளில் வருகிற இந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு கிராமத்துப் பையன் என்ன செய்வான்? இரண்டாவது, நெருக்கம். ஒரு பக்கத்தில் புது வார்த்தைகளைத் திணித்துவிட்டு அடுத்த பக்கத்தில் அவற்றை மறந்துவிட்டு வேறு புது வார்த்தைகளுக்குப் போய்விடுவார்கள். வார்த்தை மனதில் தங்க நேரமே கிடையாது.

வெஸ்ட் செய்தது ஒரு இன்ஜினியர் செய்கிற மாதிரி வேலை. முதலில் அளவு எடுத்தார். அமெரிக்காவில் தார்ண்டைக் என்ற உளவியல் பேராசிரியர் 1921-ல், எந்த ஆங்கில வார்த்தை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று எண்ணி 10,000 வார்த்தைகளின் பட்டியல் போட்டிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு அபூர்வ வார்த்தைகளைத் தள்ளி, அந்த இடத்தில் சாதாரண வார்த்தையைப் போட்டார். புது வார்த்தைகளை இடைவெளி விட்டு விட்டு அறிமுகப்படுத்தினார். ஒருமுறை வந்த வார்த்தை திரும்பத் திரும்ப வருகிற மாதிரி கதையை எழுதினார். கேள்விகளைப் பாடத்துக்குப் பின்னால் வைக்காமல் முன்னால் வைத்தார். பதிலைத் தேடிக்கொண்டு படிக்கிறவன் தூங்க மாட்டான் அல்லவா! இப்படித் தயாரித்ததை வங்காளிப் பையன்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகுதான் புத்தகமாக்கினார். 'நியூ மெத்தட் ரீடர்ஸ்' என்ற பெயரில் லாங்மேன்ஸ் கம்பெனி வெளியிட்ட வரிசை இதுதான். டாக்காவில் பிறந்த அந்தப் புத்தகங்கள் பல நாடுகளுக்குப் போயின. இன்றைக்குக் கடையில் கிடைக்கிற, வார்த்தை எண்ணிக்கையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகிற கிரேடட் ரீடர் என்ற புத்தக வகைக்கு முன்னோடிகளில் இந்த வரிசைக்கு முக்கிய இடம் உண்டு.

1932-ல் பணியிலிருந்து விலகினார். அதற்குப் பிறகுதான் பெரிய வேலைகள் என்று சொல்லலாம். 1935-ல் ஒரு அகராதி வந்தது. சீனாவில் மிஷனரியாக இருந்த எண்டிகாட் என்ற கனடாக்காரருடன் சேர்ந்து செய்தது. இந்த அகராதியின் விசேஷம், அர்த்தம் சொல்லப் பயன்படுத்திய வார்த்தைகள் மொத்தம் 1,490 மட்டுமே. அந்த 1,490-ஐ வைத்துக்கொண்டு, சொற்களும் சொற்றொடர்களுமாகச் சுமார் 24,000-க்கு அர்த்தம் சொன்னார்கள். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் பார்க்க அகராதியைத் திறந்து, அந்த அர்த்தத்தில் வந்த இரண்டு வார்த்தைக்கு மறுபடி அர்த்தம் பார்த்து, சுற்றிச் சுற்றி முதல் வார்த்தைக்கே வந்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். வெஸ்ட் அந்தச் சுற்றை அறுத்தார்.

1934 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூடியது. செலவு கார்னெகி அறக்கட்டளை. அடிப்படை வார்த்தைகள் எவை என்று தீர்மானிப்பதற்காகக் கூடியது. ஜப்பானில் இருந்த ஹரால்ட் பாமர், சீனாவில் பணிபுரிந்த ஃபாசெட், தார்ண்டைக், வெஸ்ட் எல்லாரும் இருந்தார்கள். பாமருக்கும் வெஸ்டுக்கும் கொள்கையில் ஒத்துப்போகாது. பாமர் பேச்சு முதலில் என்பவர், இவர் படிப்பு முதலில் என்பவர். ஆனால் வார்த்தைகளைக் கட்டுப்படுத்தி வரிசையாகத் தர வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் போதாது என்பதிலும் ஒன்று. அடிக்கடி வருகிற வார்த்தையா, மற்ற வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்ல உதவுமா, கற்க எளிதா என்றெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1936-ல் இடைக்கால அறிக்கை வந்தது.

அப்புறம் யுத்தம். பட்டியல் திருத்தி முடிந்து புத்தகமாக வந்தபோது வருடம் 1953. வெஸ்டுக்கு 65 வயது. 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' என்று பெயர். சுமார் 2,000 தலைச்சொற்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் எத்தனை அர்த்தம், அதில் எந்த அர்த்தம் நூற்றுக்கு எத்தனை தடவை வருகிறது என்பது வரை போட்டிருந்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், லட்சக்கணக்கான வார்த்தைகளை ஆட்கள் உட்கார்ந்து கையால் எண்ணிய கணக்கு அது. சாதாரண ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்தால், அதில் ஓடுகிற வார்த்தைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும் என்று பிற்பாடு வந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

பட்டியலில் குறை இல்லாமல் இல்லை. பழைய புத்தகங்களிலிருந்து எண்ணியது என்பதால் 'கம்ப்யூட்டர்', 'டெலிவிஷன்' அதில் கிடையாது. பேச்சு மொழிக்கு இடம் குறைவு. 2013 முதல் வேறு ஆய்வாளர்கள் கோடிக்கணக்கான வார்த்தைகளைக் கம்ப்யூட்டரில் எண்ணிப் புதுப் பட்டியல்கள் வெளியிட்டார்கள். அவையும் அவர் வைத்த பெயரையே 'நியூ' என்று முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டன.

1960-ல் வந்த அவருடைய சின்னப் புத்தகம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கஷ்டமான சூழ்நிலையில் ஆங்கிலம் கற்பிப்பது எப்படி என்பது விஷயம். கஷ்டமான சூழ்நிலை என்று அவர் சொல்வதைப் பார்த்தால் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருக்கும். பெஞ்சில் நெருக்கியடித்து நாற்பது, ஐம்பது பிள்ளைகள், வெயில், ஒரே வகுப்பில் பல தரத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் சரளமாக வராத ஆசிரியர். லேப் வேண்டும், டேப் ரெகார்டர் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார்.

அதில் ஒரு முறை சொல்லியிருக்கிறார். பேச்சுப் பயிற்சிக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். கையில் ஒரு புத்தகம், கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தபடி. ஒரு வாக்கியத்தையோ பாதி வாக்கியத்தையோ கண்ணால் பார்த்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பார்க்கும்போது வாய் திறக்கக் கூடாது, வாய் திறக்கும்போது புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த ஒரு விநாடி இடைவெளியில் வாக்கியம் மனதில் தங்கியாக வேண்டும், அர்த்தம் புரிந்தால்தான் தங்கும். பத்து நிமிடம் செய்து பாருங்கள், எவ்வளவு சிரமம், எவ்வளவு பலன் என்று தெரியும். ஆசிரியருக்கு நல்ல உச்சரிப்பு இல்லாவிட்டாலும் நடக்கும். படிப்பு முதலில் என்று சொன்ன அதே மனிதர், பேச்சுக்கும் தனியாகச் சுமார் 1,200 வார்த்தைகளில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார்.

நம் மாநிலத்துக்கும் இந்தச் சிந்தனை வந்தது. அப்போதைய சென்னை மாநிலத்தில், 1950-களின் கடைசியில், பிரிட்டிஷ் கவுன்சில் உதவியுடன் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் மறுபயிற்சி கொடுக்க ஒரு பெரிய இயக்கம் நடந்தது. இலக்கு 27,000 ஆசிரியர்கள். கொஞ்சம் பேருக்கு முதலில் பயிற்சி, அவர்கள் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அவர்கள் மற்றவர்களுக்கு என்று பனி உருண்டை உருளுகிற மாதிரி திட்டம். வாக்கிய அமைப்புகளையும் வார்த்தைகளையும் எண்ணி, அளந்து, படிப்படியாகத் தர வேண்டும் என்பதே அதன் அடிப்படை. வெஸ்டும் பாமரும் போட்டுவைத்த பாதையில் வந்ததுதான் அது. கைக்குக் கை மாறி உருண்டு வந்ததில் பனி கொஞ்சம் கரைந்தும் போயிருக்கும். நம் பெற்றோர்களில் பலர் ஆங்கிலம் படித்தது அந்தக் காலத்து ஆசிரியர்களிடம்தான்.

வெஸ்ட் 1973-ல் காலமானார். அவருடைய பட்டியலின் வாழ்க்கை அதோடு முடியவில்லை. 1978-ல் வந்த லாங்மேன் அகராதி, எல்லா அர்த்தங்களையும் சுமார் 2,000 வார்த்தைகளுக்குள் சொன்னது. அந்த 2,000-க்கு ஆதாரம் வெஸ்டின் பட்டியல். 2000-ல் நியூசிலாந்தில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் ஒரு காரியம் செய்தார். கல்லூரிப் பாடப் புத்தகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் எடுத்து, அதில் வெஸ்டின் வார்த்தைகளைக் கழித்துவிட்டு, எந்தப் பாடமானாலும் பரவலாகத் திரும்பத் திரும்ப வருகிறவை எவை என்று பார்த்தார். 570 சொற்குடும்பங்கள் தேறின. அஸ்யூம், டிரைவ், கான்ஸ்டன்ட், வேரி மாதிரியானவை.

ஜூனியர்களே, கூட்டிப் பாருங்கள். 2,000-மும் 570-மும் 2,570. முதல் வருடப் பாடப் புத்தகத்தில் போர்டில் விளக்கப்படாமல் தப்பித்துப் போகிற வார்த்தைகளில் பெரும்பங்கு இதற்குள் இருக்கிறது. இரண்டாயிரத்தில் கணிசமான பகுதி பள்ளியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். மிச்சத்தை ஒரு நாளைக்குப் பத்து வீதம் எடுத்துக்கொண்டால் இரண்டு செமஸ்டரில் ஒரு சுற்று வந்துவிடலாம். பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. வெஸ்டே அதை ஒத்துக்கொள்ள மாட்டார். தெரியாததைக் குறித்துக்கொண்டு, அது வருகிற எளிய புத்தகத்தைப் படிக்க வேண்டும். 'மொமென்ட்', 'ஒர்க்' மாதிரி வார்த்தைகளுக்கு ஊர் அர்த்தம் ஒன்று, நம்ம பாட அர்த்தம் ஒன்று என்பதையும் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. கிராமத்துப் பிள்ளைகள், குடும்பத்திலேயே முதல்முறையாகக் கல்லூரி வாசல் மிதிக்கிறவர்கள், நம் விடுதிக்கும் வந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் பேட்ச் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து விடுதி வாசக அறையில் ஒரு அலமாரி வைத்திருக்கிறோம். கிரேடட் ரீடர்கள், எளிய அகராதிகள், மேலே சொன்ன இரண்டு பட்டியலின் நகல்கள். பச்சை லேபிள் உள்ள புத்தகங்கள் எளிது, மஞ்சள் அடுத்தது, சிவப்பு அதற்கும் மேல். ரிஜிஸ்டரில் பெயர் எழுதிவிட்டு ரூமுக்கு எடுத்துப் போகலாம். சாவி வார்டன் அறையில் இருக்கிறது. பழைய மாணவர்கள் யாராவது புத்தகம் தர நினைத்தால் பச்சை லேபிள் புத்தகமாகவே தாருங்கள். அதுதான் முதலில் கிழிகிறது.